கூடுதலாகச் சேர்த்த வால்வு

பென்சிலால் வால்வை ஒரு முறைதான் தட்டினான் யேசுதாசன். ஸ்பீக்கரில் இரண்டு தட்டுக் கேட்டது.

சனியன் பிடித்த வேலை என்று முணுமுணுத்தபடி மறுபடி தட்டினான். இந்தத் தடவை ஒன்றுதான். ஆனால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்ட பிறகு இன்னொன்று கேட்டது.

அந்தச் சின்ன கிட்டார் ஆம்ப்பைக் கூடத்து மேசையில் வைத்துக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தான். மறுநாள் சித்தியவானில் கல்யாண விருந்து. அவனுடைய பேண்ட்தான் வாசிக்க வேண்டும். பேண்ட்டை நடத்தும் லூர்துசாமி, இவன் கிட்டார் சத்தம் கொசு மாதிரி இருக்கிறதென்றும், இப்படியே வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அந்த ஆத்திரத்தில்தான், ஈப்போவில் பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு ரேடியோவிலிருந்து பல்ப் மாதிரியான கண்ணாடி வால்வைக் கழற்றி வாங்கிவந்து, ஆம்ப்பின் தகட்டில் புதிதாக ஓட்டை போட்டுச் சேர்த்தான். சத்தம் கூடியது. கூடவே நோயும் வந்தது: பக்கத்தில் எது அசைந்தாலும் அந்த வால்வு அதை வாங்கி ஸ்பீக்கரில் பெரிதாக்கிக் கக்கியது. சைக்கிள் டியூபை வெட்டி அடியில் மெத்தை கொடுத்தான். ஒவ்வொரு வயரையும் மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தான். விரல் வெந்ததுதான் மிச்சம்.

“ரோசாக்கான, வீணாப்போன சாமானைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க லா,” என்றாள் அவன் மனைவி பியாட்ரிஸ், குடையை எடுத்துக்கொண்டே. “கடைக்குப் போயிட்டு வாரேன். புள்ள எல்ஸி ஏணையில தூங்குது. எழுப்பிடாதீங்க.”

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் போனதும் மழை பிடித்தது. ரப்பர் தோட்டத்தை மனை போட்டு விற்றாகிவிட்டது. வரிசை வீடுகள் கொண்ட அந்த லயத்தில் ஆள் இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். ஜன்னல் பலகைகளைச் சாத்தியதும் பிற்பகலே இருட்டாகி, ஈயப் புகையும் வால்வில் கருகும் தூசியும் தரைப்பலகைக்கு அடியிலிருந்து எப்போதும் வரும் புளித்த பால் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்ட, தகரக் கூரை மேல் மழை தன் சத்தத்தைத் தவிர வேறெதையும் கேட்கவிடாமல் கொட்டித் தீர்த்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்பீக்கரில் மழை இல்லை.

பென்சில் உரசினாலே உறுமும் வால்வுக்கு இத்தனை மழை கேட்கவில்லை. அதில் கேட்டது வேறு. வெறுங்கால் பலகையில் பதிந்து எடுக்கும் சத்தம். நிதானமாக. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பலகை அசையவில்லை. சத்தத்தைக் குறைத்தான், நடை நின்றது. கூட்டினான், நடந்துகொண்டிருந்தது. ஏதோ ரேடியோ நாடகம் நுழைகிறது என்று திட்டிக்கொண்டே கிட்டார் வயரைப் பிடுங்கி எறிந்தான். நடை நிற்கவில்லை. சூடு தாங்காமல் துணியால் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, வால்வையே உருவினான். அமைதி.

அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது அது எங்கே நிற்கிறது?

வால்வைத் திரும்பச் செருகினான். உள்ளே இழை மெல்லச் சிவந்தது. நடை கேட்டது, ஆனால் தேய்ந்து, தள்ளி. உள்ளறைப் பக்கம். பிறகு ஏணை தொங்கும் ஸ்பிரிங் கிறீச்சிட்டது, ஸ்பீக்கரில்.

ஓடினான். சாரோங் ஏணை ஆடாமல் தொங்கியது. உள்ளே எல்ஸி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். வாசலுக்குப் போகக் கூடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கூடத்துக்குள் வந்தான். ஸ்பீக்கரில் காலடி. வேகமாக. மேசையை நோக்கி. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிதாக.

நின்றது.

பிறகு மூச்சு. வால்வுக்கு வெகு அருகில். ஸ்பீக்கரின் காகிதம் படபடத்தது.

மின்னல் வெட்டியது. கரண்ட் போனது. மூச்சு மெலிந்து மெலிந்து அடங்கியது. இழை அணைந்தது.

இருட்டு. மழை. தோளில் குழந்தையின் சூடு. சுவரைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் ஓரடி வைத்தான்.

மேசையில் இழை மறுபடி சிவந்தது. கரண்ட் வரவில்லை, தலைக்கு மேல் பல்ப் கறுப்பாகவே தொங்கியது.

வால்வு அசைந்தது. இடப்பக்கம். வலப்பக்கம். துளையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு மேலே ஏறியது. அவன் முகத்துக்கு நேராக வந்து, எரிந்தபடியே நின்றது.

கொதிக்கும் அந்தக் கண்ணாடியில், மறுபக்கம் யாரோ மூச்சு விட்டதுபோல், பனி படிந்தது. விலகியது. மறுபடி படிந்தது.