ஈப்பிடிப்பானின் இரண்டாம் கூடு

அந்தப் பறவை அலகில் கவ்வி வந்தது குதிரை முடி இல்லை. குதிரை முடி கறுப்பாக விறைத்து நிற்கும். இது காற்றில் நெளிந்து, ஜூலை வெயில் பட்ட இடத்தில் செம்பு நிறமாக மின்னியது. தன் உடம்பைவிட மூன்று மடங்கு நீளமான அந்த ஒற்றை முடியை இழுத்துக்கொண்டு, ஈப்பிடிப்பான் சலவைக்கொட்டகைக் கூரைக்கு மேலாகப் பறந்து வந்து, பண்ணைவீட்டுச் சுவரில் படர்ந்திருந்த ரோஜாக்கொடிக்குள் புகுந்துகொண்டது.

முன் கேட்டருகே நின்றிருந்த மாரியன் ப்ரோபர்ட் பைனாகுலரை இறக்கிவிட்டு மறுபடி உயர்த்தினாள்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய அந்த ஹெரிஃபர்ட் கிராமங்களில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகத் தபால் போட்டவள் அவள். ஓய்வு பெற்றபின் கோடை முழுக்கக் கூடு பார்ப்பதுதான் வேலை. எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பிழைத்தது என்று ஐந்து நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து அட்டையில் குறித்துவைப்பாள். ஒரு காலத்தில் ஏழு ஜோடி ஈப்பிடிப்பான்கள் வந்த இடம். இந்த வருடம் ஒரே ஒரு ஜோடிதான். அதுவும் லயனல் பெவனின் சுவரில். முதல் ஈடு குஞ்சுகள் பறந்துபோய், இப்போது இரண்டாம் தடவையாகக் கூட்டுக்குள் மெத்தை போட்டுக்கொண்டிருந்தன. பெற்ற பிள்ளையின் பிரசவத்துக்கு வந்தவள்போல மாரியனுக்கு ஒரு படபடப்பு.

ஆண் பறவை கேட்டின் இரும்புக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. புறப்பட்டது, காற்றில் எதையோ கவ்வியது, அதே கம்பிக்கு, அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. அதன் பழக்கம் அப்படி. எத்தனை தடவை போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வரும். அலகில் ஒரு தேனீ. கொடுக்கு உதிரும்வரை அதைக் கம்பியில் அடித்தது. டிக். டிக். டிக். பிறகு நிதானமாக விழுங்கியது.

"என்ன தபால்காரம்மா, உன் குருவி இன்னும் குடித்தனம் நடத்துதா?"

லயனல் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். தோளில் வேலிக்கட்டை அடிக்கிற பெரிய சம்மட்டி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கன்னமெல்லாம் வெயில் சிவப்பு.

"ரெண்டாவது குடித்தனம் ஆரம்பிச்சிருக்கு. மெதுவாப் பேசு, லயனல்."

"என் வீட்டுலயே நான் மெதுவாப் பேசணுமாம். நல்லா இருக்கே கதை!" சிரித்தான். "இந்த வருஷம் அதுக்கு யோகம்தான். பின்னால ஒரு கிழட்டு ஆடு செத்துக் கிடக்கு. தூக்கிட்டுப் போற வண்டிக்காரன் இன்னைக்கு நாளைக்குங்கறான். ஒரே ஈ. உன் குருவிக்குத் தினமும் கல்யாணச் சாப்பாடு."

அதனால்தான் இந்த நாற்றம் என்று மாரியன் நினைத்துக்கொண்டாள். ரோஜா வாசனைக்கு அடியில், காரை விட்டு இறங்கியதிலிருந்தே, இனிப்பாகக் குமட்டிக்கொண்டு ஏதோ இருந்தது.

"ரோவீனா எப்ப வர்றா?" அவன் மனைவியைப் பற்றிக் கேட்டாள்.

"வருவா. அபர்டீன்ல அக்கா வீடு. அக்காளும் தங்கச்சியும் உட்கார்ந்தா எந்திரிக்கவா போறாங்க? மூணு வாரமா எனக்குச் சமையல் முட்டைதான்."

அவன் தலைக்கு மேலே நிழல் ஒன்று கடந்தது. பெண் பறவை. அலகிலிருந்து தொங்கிய நீள முடி வெயிலில் ஒரு தரம் பளிச்சென்றது. லயனல் அண்ணாந்து பார்த்தான். அது கொடிக்குள் போய் மறையும்வரை பார்த்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுத்துவைக்க அவன் மறந்துவிட்டான்.

"போகும்போது எப்பவும்போலப் பின்பக்கமாத்தானே போவே?" என்று கேட்டான்.

"ஆமா. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும் தெரியும். நாலு கட்டை பாக்கி இருக்கு, அடிச்சு முடிக்கறேன்." சம்மட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு போனான்.

கூடு பார்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூட்டுவரை போய், வந்த வழியே திரும்பக் கூடாது. திரும்பினால் மனித வாசனை கூட்டோடு முடிந்துபோகும். அதை மோந்துகொண்டு வருகிற பூனையோ நரியோ இங்கே ஏதோ இருக்கிறது என்று கண்டுகொள்ளும். அதனால் நடந்துகொண்டே போய், ஒரு நிமிடம் நின்று பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல மேலே நடந்து வேறு வழியாக வெளியேற வேண்டும். பதினேழு கோடையாக மாரியன் அப்படித்தான் செய்தாள். முன் கேட்டில் நுழைந்து, சுவரோரமாகக் கூட்டைக் கடந்து, சலவைக்கொட்டகைக்கும் பழைய பன்றிக்கொட்டிலுக்கும் நடுவே உள்ள சந்தில் புகுந்து, ஆப்பிள் தோப்பு வழியாகச் சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டு காருக்கு வருவாள்.

பின்னாலிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தொம். கொஞ்சம் இடைவெளி. தொம்.

பெண் பறவை மறுபடி வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி கட்டிய நீளக் குச்சியை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள்.

ரோவீனாவின் முடிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த நிறம் வேறு யாருக்கும் கிடையாது. வசந்தம் வந்தால் ரோவீனா சீப்பில் சேர்ந்த முடியை வேலிச்செடியில் சுற்றிவைப்பாள், பறவைகள் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று. மாரியனும் தன் தோட்டத்தில் வைப்பதுண்டு. அவளுடைய வெள்ளை முடியை எந்தப் பறவையும் சீந்தியதில்லை. "கிழவி முடியில தூங்கினா குஞ்சுக்கும் நரைச்சிடும்னு பயமோ என்னவோ!" என்று ரோவீனா கேலி செய்து சிரிப்பாள். வேலியில் வைத்தது இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் இது எடுக்கிறது. அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் பறவை வேலிப்பக்கம் போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சலவைக்கொட்டகைக் கூரையைத் தாண்டி, பன்றிக்கொட்டில் பக்கமாகத்தான் இறங்கியது.

குச்சியை உயர்த்திக் கண்ணாடியைக் கூட்டுக்கு மேலே சாய்த்தாள்.

கூடு முழுக்கச் சிவப்பு. ஒன்றிரண்டு முடி இல்லை. நூற்றுக்கணக்கில், சுற்றிச் சுற்றி, நெஞ்சால் அழுத்தி வழுவழுப்பாக்கிய ஒரு கிண்ணம். ஐந்து நாளுக்கு முன் இதே இடத்தில் கறுப்புக் குதிரை முடியும் பாசியும்தான் இருந்தன. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ஓரத்தில் ஒரு கற்றை சரியாகப் பின்னப்படாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியில் முடிகள் எல்லாம் ஒரே இடத்தில் முளைத்திருந்தன. விரல் நகம் அளவு. பழுப்பு. காய்ந்து சுருண்ட ஓரம்.

தோல்.

மாரியன் குச்சியை இறக்கினாள். அபர்டீன். முப்பத்தோரு வருடம் இந்த வீட்டுக்குத் தபால் போட்டிருக்கிறாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து, விதைக்கடைப் புத்தகம், மின்சார பில், எல்லாம் அவள் கையால் வந்தவை. அபர்டீன் முத்திரை குத்திய ஒரு கடிதம்கூட இந்தக் கதவுக்குள் விழுந்ததில்லை. அக்கா இருந்தால் பிறந்தநாளுக்காவது ஓர் அட்டை போடமாட்டாளா? இது ஏன் மூன்று வாரமாகத் தனக்கு உறைக்கவில்லை? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

தொம்.

அவன் அங்கேதான் இருக்கிறான், வேலியில். தோப்பின் கோடியில்.

முன் கேட் முப்பது எட்டு தூரம். அதற்கு வெளியே கார். போனை எடுத்துப் பிரயோஜனமில்லை, அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைத்த நாளே கிடையாது. திரும்பி ஓடிவிடலாம். கால் திரும்பவும் செய்தது. கேட் தூணடியில் ரோவீனாவின் மஞ்சள் பூனை உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிய மெலிந்துபோயிருந்தது. யாரும் அதற்குச் சாப்பாடு வைத்ததாகத் தெரியவில்லை. வைத்த கண் வாங்காமல் மாரியன் நிற்கிற இடத்தையே பார்த்தது. இங்கிருந்து அவள் திரும்பி நடந்தால் இன்று இரவே கூடு காலி. ஊரிலேயே மிச்சமிருக்கிற ஒரே ஜோடி.

அதற்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அந்த வழியாகத் திரும்பியதில்லை. இன்றைக்குத் திரும்பினால், பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். எப்போதும்போல நடந்தால், எப்போதும்போலக் கையசைத்தால், ஒன்றும் தெரியாது. சந்து பதினைந்து எட்டு. தோப்பு. சாலை. அவ்வளவுதான். சம்மட்டிச் சத்தம் கேட்கிறவரை அவன் எங்கே இருக்கிறான் என்பது தெரியும்.

தொம்.

நடந்தாள். வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அட்டையில் எழுதப்போகிறவள்போல.

சந்துக்குள் வெயில் இல்லை. சுவர்கள் ஈரமாகக் கசிந்தன. நாற்றம் இங்கே நாற்றமாக இல்லை, நாக்கில் படிந்தது. பன்றிக்கொட்டிலின் இடிந்த சுவருக்கு அப்பால் இடுப்பளவு காஞ்சொறிச் செடி, அதற்கு மேலே ஈக்கள் கறுப்பாகச் சுழன்றன. அந்த இரைச்சல் காதுக்குள் புகுந்துகொண்டது. பார்க்காதே என்று தனக்குத்தானே சொன்னாள். நேராகப் பார்த்துப் போ. பெண் பறவை அவளுக்கு முன்னால் இறங்கி, செடிகளுக்குள் எதன் மேலோ உட்கார்ந்து, தலையைப் பின்னுக்கு இழுத்தது. இழுத்தது. எதுவோ விடுபட்டது. பறந்தது.

ஆடு இல்லை. ஆட்டுக்குக் கைக்கடிகாரம் ஏது?

ரோவீனாவின் கை மட்டும்தான் செடிகளுக்கு வெளியே கிடந்தது. ஐந்து நாளுக்கு முன் இதே சந்தில் நடந்தபோது இது இங்கே இல்லை, எங்கிருந்தோ இழுத்து வந்து போட்டிருக்கிறான். விரல்கள் பின்பக்கமாக மடங்கியிருந்தன. தன் முகத்துக்கு முன்னால் அதை உயர்த்தித் தடுத்திருக்கிறாள், பாவி மகள். ஒரு தடவை அல்ல. பல தடவை.

மாரியன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அது உறைத்தது.

சம்மட்டிச் சத்தம் இல்லை.

எப்போது நின்றது?

ஈக்கள் சத்தத்தில் கவனிக்கவில்லை. ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள். இல்லை. தோப்புப் பக்கம் ஓர் ஆடு கத்தியது. பிறகு ஒன்றும் இல்லை.

சந்தின் முனை நான்கு எட்டு. தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். குச்சியைத் தாழ்வாக நீட்டி, மூலைக்கு அப்பால் கண்ணாடியைத் திருப்பினாள். அதில் தோப்பு சின்னதாகத் தெரிந்தது. ஆப்பிள் மரங்கள். புல். நட்டதும் நடாததுமாகக் கட்டைகள். புல்லில் ஓர் ஆப்பிள் மது ஜாடி. ஆள் இல்லை.

சம்மட்டியும் இல்லை.

குச்சியை உள்ளே இழுத்தாள். கண்ணாடி தன்பாட்டுக்குத் திரும்பியது. வானம். கூரை விளிம்பு. அவளுடைய முகம். அவள் தோளுக்குப் பின்னால், சலவைக்கொட்டகையின் திறந்த கதவில், சிவந்த கன்னம்.

"நீ வழி மாறவே மாட்டே மாரியன்," என்றான் லயனல், வருத்தமாக. "வந்த வழியே போயிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லு?"

முதல் அடி முதுகில். உள்ளே ஏதோ காய்ந்த சுள்ளிபோல முறிந்தது. அதன்பின் கால்கள் அவளுடையவை இல்லை. குச்சி விழுந்தது. கண்ணாடி உடைந்தது. கையை உயர்த்தினாள், ரோவீனா உயர்த்தியதுபோலவே. இரண்டாவது அடி கையில். மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. அவன் கோபமாகக்கூட இல்லை. கட்டை அடிக்கிற அதே இடைவெளி. அதே மூச்சு. பிறகு தரை அவள் முதுகின் கீழே உரசிக்கொண்டு போனது, காஞ்சொறி முகத்தில் தீயாகச் சுட்டது, வானம் நின்றது.

போய்விட்டான்.

அவளுக்கு உயிர் இருந்தது. அதுதான் கொடுமை. கண் திறந்திருந்தது. இமைக்க முடிந்தது, மற்றது எதுவும் முடியவில்லை. கன்னத்தருகே ரோவீனாவின் தலை, பாதி செம்பாக, பாதி வெறுமையாக. ஈக்கள் அங்கிருந்து எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இங்கே வந்து உட்கார்ந்தன.

தூரத்தில் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தொம். மிச்சக் கட்டைகள்.

பெண் ஈப்பிடிப்பான் வந்தது. சிவப்பு முடிமேல் உட்கார்ந்தது. மார்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள், சின்னக் கறுப்புக் கண். இவ்வளவு பக்கத்தில் மாரியன் அதைப் பார்த்ததே இல்லை. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. ஒரு தாவல். நெற்றியில் குளிர்ந்த நகங்கள்.

கத்தி விரட்ட வேண்டும்போல இருந்தது. ஆயுளில் ஒரு பறவையைக்கூட விரட்டியறியாதவளுக்கு, இப்போது அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. மூச்சு வரவில்லை.

உச்சந்தலையில் ஒரு சுண்டல். தோல் கூடவே எழும்பியது. இன்னொரு சுண்டல். பிடுங்கியது.

நீளமான வெள்ளை முடி வெயிலில் நெளிந்துகொண்டே சலவைக்கொட்டகைக் கூரைக்கு மேலாகப் போயிற்று.

மாரியன் கண்ணைத் திறந்தபடி எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழில் அது திரும்பி வந்தது, அதே இடத்துக்கு.