கண்ணாடியிலா, பிலிமிலா

திரையின் இடது ஓரத்தில் இருந்த கறையை அவள் முதலில் பொருட்படுத்தவில்லை. முப்பத்தொரு வருடத்துப் பழைய செய்தித்தாள், அதைச் சின்னதாகப் படம்பிடித்த மைக்ரோபிலிம், நூலகத்தின் நிலத்தடி அறை. கறை இருக்கத்தான் செய்யும். விளக்கின் சூட்டில் பிலிமிலிருந்து புளித்த வாசம் கிளம்பியது. பிலிமைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் இயந்திரத்தின் விசிறி, மூக்கடைத்த குழந்தை பக்கத்தில் தூங்குவதுபோல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம், படகு கவிழ்ந்த செய்தி. அம்மா படுக்கையில் கிடந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். "நீ கடைசிவரைக்கும் தம்பி கையை விடலன்னு பேப்பர்லயே போட்டாங்களே, அதை ஒரு தடவை பாத்துட்டுக் கண்ணை மூடுறேன்" என்றாள்.

பத்து வயதில் அவள் நிருபரிடம் சொன்ன பொய் அது. ஐந்து வயதுத் தம்பியின் பிடி தன்னையும் தண்ணீருக்குள் இழுத்தபோது, அவள்தான் கையை உதறினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் அந்தச் சோற்றைத் தின்றுதான் அம்மா இத்தனை வருடம் உயிரோடு இருந்தாள்.

பக்கம் வந்தது. கறை சரியாக அந்தச் செய்தியின்மேல் நின்றது. நூலகரைக் கூப்பிட்டாள்.

"ரொம்ப சுலபம்," என்றார் அவர். "படத்தை நகர்த்துங்க. கறையும் கூடவே நகர்ந்தா பிலிம்ல இருக்கு. அப்படியே நின்னா கண்ணாடியில இருக்கு, துடைச்சா போயிடும்." குனிந்து பார்த்தார். "அட, விரலு. படம் எடுத்தவர் தாளை அழுத்திப் பிடிச்சப்போ மாட்டியிருக்கும். ஆளு ரொம்பப் பொடி ஆளு போல." சிரித்துக்கொண்டே மாடி ஏறிப் போய்விட்டார்.

கைப்பிடியைச் சுற்றினாள். பக்கம் நகர்ந்தது, விரல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அப்படியென்றால் கண்ணாடி. பிலிமை நடுவில் பிடித்திருந்த இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் தூக்கி, மெல்லிய துணியால் துடைத்து, பிலிமை மறுபடி நுழைத்து, அதே பக்கத்துக்கு வந்தாள். நான்கு சின்ன விரல்கள். ஆள்காட்டி விரலின் நகம் சதை தெரியக் கடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பழக்கத்துக்காகத் தம்பி எத்தனை அடி வாங்கியிருக்கிறான்.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

பக்கம் நகரவில்லை. விரல் நகர்ந்தது.

இதற்கு நூலகர் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

கடித்த நகம் ஒரு வரியின் கீழ் வந்து நின்று, எழுத்து எழுத்தாக ஊர்ந்தது. தம்பிக்கு அந்த வருடம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருந்தது. 'தம்பியின் கையை... கடைசிவரை... விடவில்லை.' வரி முடிந்தது. விரல் மறுபடி ஆரம்பத்துக்குப் போனது. மறுபடி. மறுபடி.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் பார்த்தாள். ஆனாலும் அம்மாவுக்கு நகல் வேண்டும். ஸ்கேன் பொத்தானை அழுத்தினாள். நகல் வெளியே வந்தது. சுத்தமாக. விரல் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். திரையிலும் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

விசிறி நின்றிருந்தது. புளித்த வாசம் போய், ஆற்றுச் சேற்று வாசம். மேசைக்குக் கீழே தொங்கிய அவள் இடது கைக்குள் ஏதோ நுழைந்தது. சின்னது. ஈரம். சில்லென்று.

"சார்," என்றாள். சத்தம் வரவில்லை.

அன்றைக்கு உதறியதைப் போலவே உதறினாள். தோளிலிருந்து, முழு பலத்தோடு. மூன்று முறை.

அது விடவில்லை. மற்ற விரல்கள் இறுக, கடித்த நகம் மட்டும் அவள் உள்ளங்கையில் மெதுவாக, எழுத்து எழுத்தாக, ஊர்ந்துகொண்டிருந்தது.