கண்ணெதிரே காணாமல் போன கம்மல்

"டாக்டர், ஒண்ணு எங்கம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, இல்ல என் பொண்டாட்டி திருடின்னு சொல்லுங்க. திருடின்னா இன்னைக்கே அவளைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

எவெனோர் உட்காரும் முன்பே கொட்டித் தீர்த்துவிட்டான். நியாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம். அவனுடைய அம்மா எர்மிந்தா, அறுபது வயதுத் தையற்காரி, விறைப்பாக நின்றாள். மனைவி யெசெனியா அழுது வீங்கிய முகத்தோடு கதவோரம் ஒதுங்கினாள். நிகராகுவாவின் தலைநகரான மானாகுவாவின் நரம்பியல் மருத்துவர் நினோஸ்கா மூவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"கத்தரி, சாவி, நேத்து என் தங்கக் கம்மல்! நான் தேடினா இருக்காது. இவ வந்தா மேசை மேலயே இருக்கும். மாட்டிக்குவோம்னு திருப்பி வைக்கிறா, கள்ளி!" என்ற எர்மிந்தா, நாற்காலியைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தாள்.

"கண்ணு எப்படி?" என்று நினோஸ்கா கேட்டார்.

"வருஷத்துல மூணு கண்ணாடி மாத்தியாச்சு. கண்ணுல குறையே இல்லையாம்" என்றாள் எர்மிந்தா.

"வீட்டுக்கு வழி சொல்லுங்கம்மா."

"பழைய சினிமாக் கொட்டகை இருந்த இடத்துலேருந்து ஏரிப்பக்கம் ரெண்டு தெரு, அப்புறம் கிழக்கே ஒண்ணரை."

உதவி மருத்துவன் லெஸ்தர் கிசுகிசுத்தான். "ஞாபகம் கெட்டியா இருக்கு டாக்டர். மருமகதான், சந்தேகமே இல்ல."

நினோஸ்கா பேனா, சாவி, கைக்கடிகாரம் மூன்றையும் மேசையில் பரப்பினார். "என்னென்ன இருக்கு?"

"பேனா."

"வேற?"

"பேனாதான்! கேலி பண்றீங்களா?"

நினோஸ்கா பேனாவை எடுத்துக்கொண்டார். "இப்போ?"

"சாவி. இப்பத்தானே வச்சீங்க?"

எவெனோரின் முகம் வெளுத்தது.

"லெஸ்தர், அந்தக் கொட்டகை நிலநடுக்கத்துல விழுந்து ஐம்பது வருஷமாச்சு. இல்லாததை வச்சு வழி சொல்ற ஊர் இது, அதுக்குக் கண்ணே வேணாம். அதான் யாருக்கும் சந்தேகம் வரல. இவங்க கண்ணு நல்லாருக்கு. பார்த்ததை ஒண்ணுசேர்க்கிற மூளையோட பின்பகுதிதான் கெடுது. ஒரு நேரத்துல ஒரு பொருள்தான் தெரியும். இப்படித் தொடங்கினா உள்ளே இருக்கிறது பெரும்பாலும் அல்சைமர். வழக்கமா ஞாபகத்தைத்தான் முதல்ல தொடும், இவங்களுக்குப் பார்வையைத் தொட்டிருக்கு. பரிசோதனை பண்ணி உறுதிப்படுத்தணும். யெசெனியா எதையும் எடுக்கல, எவெனோர். தேடிக் கொடுத்திருக்கா, அவ்வளவுதான்."

"ஞாபகமும் போயிடுமா?" என்று எர்மிந்தா கேட்டாள்.

"போகும்மா. மெதுவா."

எர்மிந்தா கதவுப் பக்கமாகக் கையை நீட்டினாள். யெசெனியா ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தெருவே கேக்கத் திருடின்னேன். தெருவே கேக்க மன்னிப்புக் கேக்கணும். வாடி, மறந்து தொலைக்கிறதுக்குள்ள போயிடலாம்."