நீல அட்டை

மழை... ஜப்பானின் கோச்சி நகரத்து மழைக்கு நேரம் காலமே கிடையாது. குடையை அவசரமாக மடக்கிக்கொண்டு சமூகக் கூடத்தின் வாசலில் திரும்பிய சிகுசா, தேநீர்க் கெண்டியோடு வந்தவன் மீது நேராகப் போய் மோதினாள்.

"ஐயோ... சுட்டுடுச்சா?"

"இன்னும் தண்ணியே ஊத்தலைங்க!" அவன் காலிக் கெண்டியைக் கவிழ்த்துக் காட்டினான். "பூ அலங்கார வகுப்பா? ரெண்டாவது மாடி."

ஆமாம் என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்குப் பூ அலங்காரம் பொருத்தமான பொய்தான். ஆனால் கைப்பையில் டாக்டர் எழுதித் தந்த விலாசம் கனத்தது. கட்டடத்தை ஏற்கெனவே மூன்று முறை சுற்றி வந்தாயிற்று.

"இல்லீங்க... மூணாவது மாடி."

அவன் சிரிப்பு அடங்கியது. கண்கள் மட்டும் விலகவில்லை... மழையில் நனைந்த கூழாங்கல் போலக் கறுத்த, அமைதியான கண்கள்.

"அப்போ என் கூடவே வாங்க. உள்ள போட்டுக்கிற செருப்புதான் உங்க அளவுக்குக் கிடைக்காது. இங்க எல்லாமே பெரிய கால் அளவு."

மூன்றாவது மாடியில், சனிக்கிழமை இரண்டு மணிக்கு, குடியை விட்டவர்களின் சங்கம் கூடும். அங்கே யாரும் பெயரை மறைப்பதில்லை. குடித்தவரோடு குடும்பத்தாரும் வந்து உட்காருவார்கள். முதலில் குடித்தவர்கள் எழுந்து வெள்ளை அட்டையில் உள்ள உறுதிமொழியை வாசிப்பார்கள், பிறகு குடும்பத்தார் நீல அட்டையை. டிராம் ஓட்டும் ஷுன்பெய், அதாவது கெண்டிக்காரன், அவள் கையில் வைத்தது நீல அட்டையை. தனியாக வந்த பெண் யாருக்கோ மனைவியாகவோ தங்கையாகவோதான் இருப்பாள் என்பது அவன் கணக்கு. அவன் செய்த தப்பு அவ்வளவுதான். அதைத் திருத்தாமல் விட்டது சிகுசாவின் தப்பு.

"அண்ணனுக்காக வந்தேன்," என்றாள், தன் முறை வந்தபோது.

அவளுக்கு அண்ணனே கிடையாது. அரிசி டின்னுக்குள் பாட்டிலை ஒளித்து வைக்கும் அண்ணன், வேலைக்குப் போகும்முன் வாயை நாலு தரம் கொப்பளிக்கும் அண்ணன்... அவள் விவரித்த அந்த அண்ணன் அவளேதான். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் பேசக் கூடாது, கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி.

ஐந்து சனிக்கிழமைகள் ஓடின. டிராம் நிறுத்தம் வரை ஒரே குடையில் நடப்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

"நான் உங்க டிராம்ல ஏறினா பேசுவீங்களா?"

"ஓட்டும்போது பேசக் கூடாதுங்க. கண்ணாடியில பார்த்துப்பேன்."

"பார்க்கிறதுக்கு விதி இல்லையா?"

"நல்லவேளை, யாரும் எழுதி வைக்கல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் கூசிப் போனாள்.

ஐந்தாவது வாரம் ஷுன்பெய் எழுந்தான். "எட்டு வயசுல இருந்து எங்க வீட்டுல அம்மா ஒளிச்ச பாட்டிலைத் தேடினேன். அலமாரி, துணி துவைக்கிற மெஷின், என் பள்ளிக்கூடப் பை... அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு. இனிமே எந்த வீட்டுலயும் நான் தேட மாட்டேன். என்னால முடியாது."

அன்றைக்கே நிறுத்தத்தில், "அடுத்த வாரம் கூட்டம் முடிஞ்சதும் கடற்கரைக்குப் போலாமா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான். காது மடல் சிவந்திருந்தது.

என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியாதா? புதன்கிழமை அவள் குடித்தாள். உண்மையைச் சொன்னால் இவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் பாட்டில் போகாது. இல்லாத அண்ணனை எத்தனை நாள் காப்பாற்றுவது?

ஆறாவது சனிக்கிழமையும் மழை. அவளுடைய நாற்காலியில் நீல அட்டை காத்திருந்தது.

"வெள்ளை அட்டைக்காரங்க எழுந்திரிங்க," என்றார் தலைவர் ஒகபயாஷி.

சிகுசா எழுந்தாள். கையில் இருந்தது வேறு அட்டை என்பதால் வாசிக்க வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற வயதான மீன்காரர் ஒன்றும் கேட்காமல் தன் அட்டையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவள் கடைசி வரி வரை வாசித்தாள்.

தன் முறை வந்ததும் சொன்னாள். "எனக்கு அண்ணன் கிடையாது. அரிசி டின்ல ஒளிச்சது நான். இந்தப் புதன்கிழமைகூடக் குடிச்சேன்."

விதிப்படி யாரும் பேசவில்லை. ஷுன்பெய் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விதி இவ்வளவு கொடுமையானது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் குடையைக்கூட எடுக்காமல் கீழே ஓடினாள். காலணி அலமாரி அருகே காலடிச் சத்தம் கேட்டது. அவன் குடையை நீட்டினான்.

"உள்ள கேட்டதை வெளிய பேசக் கூடாது," என்றான் மெதுவாக. "நீங்களா எங்கிட்ட சொன்னாத்தான் நான் பதில் சொல்ல முடியும்."

அவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். "நான் குடிக்கிறவ, ஷுன்பெய்-சான்."

அவன் குடையை அவள் கையில் வைத்தான்.

"இனிமே தேட மாட்டேன்னு சொன்னேன்... நீங்க என்னைத் தேட விடலையே. நீங்களே எடுத்துக் காட்டிட்டீங்க. எங்கம்மா ஒரு தடவைகூட..." குரல் உடைந்தது. "பயமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வாரம் உங்க நாற்காலி காலியா இருந்தா... அதுதான் ரொம்பப் பயம். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சிகுசா-சான்."

"எனக்கும்தான்..." கண்ணீர் தளும்பியது. "ஆனா இன்னிக்குக் கடற்கரை வேண்டாம். விட்டு மூணு நாள்தான் ஆச்சு."

"சரி. கடல் எங்க போயிடப் போகுது?"

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தான்.

"முதல் நாளே இதைத்தான் குடுத்திருக்கணும். நான் கேக்காம விட்டுட்டேன்."

சிகுசா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.