கட்டிலுக்குக் கீழே ஒரு மூச்சு

சாம்பல்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குத் தாதியாக வந்த சுலோஜனாவுக்கு அது முதல் மாரி. விடியலில் இருந்து மழை விடவில்லை. பழைய கட்டடத்தின் கடைசி அறைதான் சிக் ரூம். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கதிரை, மருந்து அலுமாரி. பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. டெட்டோல் மணத்துக்குள் அன்று கடற்பாசி வாடையும் கலந்திருந்தது.

ஏழாம் வகுப்பு ஜெயரூபியை ஜெமீலா ரீச்சர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்.

"தொய்வுக்காரப் பிள்ளை மிசி. மழை எண்டால் மூச்சு இழுக்கும். நான் தாய்க்குக் கோல் எடுக்கிறன்" என்று அலுவலகத்துக்கு ஓடினார்.

சுலோஜனா பதறவில்லை. பிள்ளையைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தி, மருந்துப் பம்பைப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, அதன் முனையில் இருந்த முகமூடியை மூக்கோடும் வாயோடும் பிடித்து, பம்பை அமத்தினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழாயின் சின்ன மூடி 'டிக்' என்றது.

இழுப்பு இளகவில்லை. மறுபடியும் கொடுத்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.

"மிசி... கீழ இருக்கிற பிள்ளைக்கும் குடுங்கோ."

"எந்தப் பிள்ளை?"

ஜெயரூபி சுவரோரக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். "அதுக்குக் கீழ. அவவுக்கு மூச்சு எடுக்க ஏலாதாம். என்ர மூச்சைத் தரச்சொல்லிக் கேக்கிறா."

பிதற்றுகிறாளோ என்று சுலோஜனா நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. குனிந்து பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே வெறும் சீமெந்துத் தரை.

அந்த இடம் மட்டும் நனைந்திருந்தது.

ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். விசில் அடிப்பதுபோல் இழுப்பு. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு, தண்ணீர் நிறைந்த நெஞ்சில் இருந்து வருவதுபோல் களகளத்தது. ஜெயரூபி வெளியே விடும் போதெல்லாம் அது உள்ளே இழுத்தது.

ஜெயரூபியின் மூச்சு சன்னமாகிக்கொண்டே போனது.

மற்றது வலுத்தது.

சுலோஜனா ஈரத் தரையில் முழந்தாளிட்டு, முகமூடியைக் கட்டிலுக்குக் கீழே நீட்டினாள்.

"இந்தா, நீயும் எடு" என்று கிசுகிசுத்தாள். "அவளை விடு பிள்ளை."

பம்பை அமத்தினாள்.

டிக்.

குழாய் அவள் கையில் இருந்து மெல்ல இருட்டுக்குள் இழுபட்டது.

டிக். டிக்.

முதுகுக்குப் பின்னால் ஜெயரூபி பெரிய மூச்சொன்றை எடுத்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

தாய் கோணேஸ்வரி வந்து மகளை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பின்னேரம் அவளே கோல் எடுத்தாள். "இப்ப நல்லா இருக்கிறாள் மிசி. இடியப்பம் வேணுமாம்."

சுலோஜனாவுக்குக் கண் கலங்கியது. அறையைப் பூட்டிக்கொண்டு, தாதி உடுப்போடேயே ரவுனுக்குப் போகும் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை. ஏறியதில் இருந்து நெஞ்சை ஏதோ அடைத்தது. சனநெரிசல் என்று நினைத்தாள். பக்கத்து சீட்டில் கறுப்பு அபாயா அணிந்திருந்த பெண் அவளுடைய இடுப்புப் பக்கம் பார்த்துக் கையை நீட்டினாள்.

"புள்ளய எண்ட மடியில வைங்க மிசி. பாவம், நல்லா இழுக்குது."

வேண்டாம் என்று சொல்லச் சுலோஜனா வாயைத் திறந்தாள். சொல்ல மூச்சு இல்லை.

அந்தப் பெண் குனிந்து எதையோ தூக்கி மடியில் இருத்தினாள். அபாயாவில் ஈரம் பரவியது.

சுலோஜனாவுக்கு மூச்சு வந்தது.

அந்தப் பெண் இருமத் தொடங்கினாள்.