மூச்சுப்பட்டா

“நீங்க எந்த ஊரு, அக்கா?” என்று ஒரு தேர்தல் கூட்டத்தில் ஒரு பெண் அங்கயற்கண்ணியிடம் கேட்டாள். இந்த ஊர்தான் என்று சொல்லிவைத்தாள். செவ்வாய்க் கிரகத்தில் அன்று அவள் போன நான்காவது ஊர் அது. நான்கிலும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

நிலப் பதிவேட்டின்படி அதில் பொய்யும் இல்லை. செவ்வாயில் நிலம் மூச்சுக்குத்தான் சொந்தம். காற்றுக்கூரையின் கீழ் மனைக்கொரு மூச்சுமானி புதைத்திருந்தார்கள். யாருடைய மூச்சு ஆயிரம் நாள் அதில் விழுகிறதோ அவருக்குப் பட்டா. பூமியில் உட்கார்ந்துகொண்டு யாரும் இங்கே நிலத்தை வளைத்துப்போடக் கூடாது என்று சபையில் முழங்கி அவள் கொண்டுவந்த சட்டம். முழங்கிய கையோடு, கூரை அடுத்து எந்தப் பக்கம் நீளும் என்று விசாரித்துக்கொண்டாள். தன் மூச்சைப் படியெடுத்துக் குப்பிகளில் அடைத்துக் காவலாள் இருளப்பனிடம் கொடுத்தாள். பதினோரு வருடமாக முப்பத்திரண்டு மனைகளில் அவன் அதைத் திறந்துவிட்டு வந்தான்.

இப்போது ஐம்பத்து நாலு வயதில், இடுப்பு வலியோடு, இளம் பதிவாளர் செந்தூரன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, எல்லா மனையிலயும் விழுந்த மூச்சைக் கூட்டுனா, மானிக் கணக்குல உங்களுக்கு நானூறு வயசு தாண்டிருச்சு. எழுபது தாண்டுனா நிலமெல்லாம் பொதுவுக்கு. அதுவும் நீங்க போட்ட சட்டந்தான்.”

ஆமாம். எதிர்க்கட்சிக் கிழவர்களை நிலத்திலிருந்து கிளப்பப் போட்டது.

வாதாட அலுப்பாக இருந்தது. குப்பி மூச்சு என்று ஒப்புக்கொண்டால் முப்பத்திரண்டு மனையும் பதவியும் போகும். போகட்டும். குடியிருக்கும் வீடாவது மிஞ்சும். அங்கே அவள் நிஜமாகவே மூச்சு விட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற இருளப்பனை உள்ளே கூப்பிட்டாள்.

“இவருதாங்க சாட்சி,” என்றாள். அவனுக்கு அவள் கொடுத்த முதல் மரியாதை அது.

செந்தூரன் பதிவேட்டில் வெகுநேரம் தேடினான்.

“எந்த மனையிலயும் இவரு மூச்சே விழலையேம்மா. கணக்குப்படி இவரு இந்தப் பக்கமே வந்ததில்ல. வராத ஆளு என்னத்தைச் சாட்சி சொல்றது?”

தன் மூச்சோடு அவன் மூச்சு கலந்துவிடக் கூடாதென்று, வேலைக்கு வந்த அன்றே மூச்சு வெளியே கசியாத மூக்குறையை அவனுக்கு மாட்டிவிட்டவள் அவள். தூங்கும்போதும் கழற்றக் கூடாது என்பது உத்தரவு. வார் அழுத்திய இடத்தில் கன்னம் காய்த்துக் கிடந்தது.

“நேத்துகூட திறந்துவிட்டியேப்பா. நீயே சொல்லு,” என்றாள்.

இருளப்பன் அவளையும் பதிவேட்டையும் பார்த்தான். பழக்கத்தில் மூக்குறையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.