பதினோரு வெட்டுகள்

பாதிரியார் ஐல்வின் உறைந்த கடலைக் கடந்து எங்கள் பண்ணைக்கு வந்தபோது நண்பகல். அந்த மாதத்தில் நண்பகல் என்றால், மலைக்குப் பின்னால் வானம் கொஞ்ச நேரம் சாம்பல் நிறத்தில் இருக்கும், அவ்வளவுதான். வாசலில் காலணியின் பனியைத் தட்டினார். தோளில் தொங்கிய செம்புக் கெண்டியைக் கீழே வைக்காமலே, அடுப்பு எங்கே என்று கேட்டார்.

கெண்டியில் இருந்தது புனித நீர். அது உறைந்துவிடாமல் வீட்டுக்கு வீடு சூடாக்கித்தான் கொண்டுவந்திருந்தார்.

அவருக்காக ஒன்பது வாரமாகக் காத்திருந்தேன். என் கணவன் ஒட்கெல் இலையுதிர் காலத்தில் இறந்தான். கிரீன்லாந்தில் எங்கள் கரைக்கு ஒரே ஒரு பாதிரியார். அவர் வருவதற்குள் இறப்பவர்களை அவரவர் நிலத்திலேயே புதைப்போம். மார்பின் மேல் ஒரு கோலை நிமிர்த்தி வைத்து, அதன் நுனி வெளியே தெரியும்படி மண்ணைத் தள்ளுவோம். பாதிரியார் வரும்போது கோலைப் பிடுங்கி, அந்தத் துளை வழியாகப் புனித நீரை ஊற்றுவார். நீர் மார்பைத் தொட்டால் இறந்தவன் சொர்க்கத்துக்கு உரியவன்.

அந்த ஆண்டு அவர் அவசரத்தில் இருந்தார். கர்த்தர் பிறந்து ஆயிரம் ஆண்டு நிறைகிறது, பிறப்பு விழாவன்று வானம் திறந்தாலும் திறக்கும் என்றார். அப்போது இறந்தவர்கள் எல்லோரும் எழுவார்களாம். நீர் படாதவர்களை மட்டும் யாரும் கூப்பிடமாட்டார்களாம்.

என் கொழுந்தன் ஸ்கெக்கி ஆட்டுத் தோலை உலர்த்திக்கொண்டே அதைக் கேட்டான்.

"இங்க வைக்கோலும் முடியப் போகுது சாமி," என்றான். "உலகம் முந்துதா வைக்கோல் முந்துதான்னு பாப்போம்."

பாதிரியார் சிரிக்கவில்லை. ஒட்கெல் ஞானஸ்நானம் பெற்றவனா என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

ஸ்கெக்கி தரையைப் பார்த்தான்.

ஒட்கெல் ஒவ்வொரு கோடையிலும் வடக்கே, நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கான வால்ரஸை வேட்டையாடப் போவான். போகும் முன் ஒரு குச்சியில், எத்தனை நாளில் திரும்புவானோ அத்தனை வெட்டு போட்டு என்னிடம் தருவான். இடது கைக்காரன். அவன் வெட்டுகள் எல்லாம் மற்றவர்கள் வெட்டுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கடைசி வெட்டு எங்கள் மகள் அல்டிஸுடையது. அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவன் கத்தியை அழுத்துவான். அது எப்போதும் கோணலாக விழும். தினமும் காலையில் நான் ஒரு வெட்டைச் சீவி எடுப்பேன். கோணல் வெட்டு மட்டும் மிஞ்சும் நாளில் அவன் படகு தெரியும்.

ஒன்பது கோடையில் ஒரு நாள்கூட அவன் பிந்தியதில்லை.

கடைசிக் கோடையில் அவன் இல்லாதபோது அல்டிஸுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. பாதிரியாரை வரவழைத்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தேன். மறுநாள் இறந்தாள். அக்கரையில் இருக்கும் சிறிய தேவாலயத்தின் மண்ணில் புதைத்தோம். சொன்ன நாளில் ஒட்கெல் வந்தான். அவளுக்காக வால்ரஸ் பல்லில் ஒரு குதிரை செதுக்கி எடுத்து வந்திருந்தான்.

அவன் கத்தவில்லை.

"தெரியாதவங்களுக்கு நடுவுல அவ எப்படித் தூங்குவா?" என்றான். அவ்வளவுதான்.

அவளைத் தோண்டி எடுத்து வீட்டு நிலத்துக்குக் கொண்டுவர ஒருநாள் தனியாகப் படகில் போனான். அலை கவிழ்த்தது. கரையேறினான், ஆனால் சளியும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டன. ஞானஸ்நானம் பற்றி நான் பேச்செடுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள், "நான் போய் அவளைக் கூட்டிட்டு வரேன்," என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

பழைய வழக்கப்படி அவன் கத்தியை இடுப்பில் கட்டித்தான் புதைத்தேன். கோலையும் நானே வைத்தேன். கடலில் ஒதுங்கிய மரம். வழுவழுப்பாகச் சீவி, சீல் என்ற கடல்நாயின் எண்ணெய் தடவியிருந்தேன். அண்ணன் இதைக் கேட்கவில்லையே என்று ஸ்கெக்கி சொன்னான். கேட்கவில்லைதான். ஆனால் அல்டிஸ் அப்பாவின் கை மேல் தலை வைக்காமல் தூங்கமாட்டாள். அவள் போன இடத்துக்கு அவனும் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மூவரும் ஒட்கெலைப் புதைத்த மேட்டுக்கு ஏறினோம். மண் கல்லாக உறைந்திருந்தது. கோல் லேசில் வராது என்று ஸ்கெக்கி கடப்பாரை கொண்டுவந்தான்.

தேவைப்படவில்லை. பாதிரியார் பிடித்ததும் கோல் வந்துவிட்டது. கீழே இருந்து யாரோ தள்ளிவிட்டதைப் போல.

அதன் அடிநுனியை நான்தான் முதலில் பார்த்தேன். மார்பில் ஊன்றியிருந்த முனைக்கு ஒரு சாண் மேலே வெட்டுகள். மரத்தின் உட்புற வெண்மை தெரிந்தது. நேற்று வெட்டியதைப் போலப் புதியவை.

எண்ணினேன். பதினொன்று.

எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

உறைபனி மரத்தைப் பிளக்கும் என்றார் பாதிரியார். உறைபனி இப்படிச் சம இடைவெளியில் பிளக்காது என்று எனக்குத் தெரியும். ஸ்கெக்கியின் முகம் வெளுத்திருந்தது. அவனும் அந்தக் குச்சிகளைப் பார்த்து வளர்ந்தவன்.

பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டே கெண்டியைச் சாய்த்தார். துளை என் கை போகும் அகலம், ஓர் ஆள் ஆழம். கெண்டியில் இருந்ததோ நான்கு கிண்ணம் நீர். ஒரு கிண்ணம் விழுவதற்குள் துளை விளிம்புவரை நிறைந்துவிட்டது.

பாதிரியார் நிறுத்தினார். காத்திருந்தோம். நீர் இறங்கவில்லை.

உள்ளங்கையால் அடைத்ததைப் போல நின்றது.

"அண்ணன் வாங்கிக்கமாட்டேங்கிறாரு," என்றான் ஸ்கெக்கி மெதுவாக.

ஆயிரம் எப்போது நிறைகிறது என்று பாதிரியாரிடம் கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"இன்னியிலேருந்து பதினோராம் நாள், மகளே."

அவர் அடுத்த பண்ணைக்குப் போனார். விழாவன்று எல்லோரும் அக்கரைத் தேவாலயத்தில் கூட வேண்டும், உலகம் முடிந்தாலும் ஒன்றாக முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்தக் கோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தினமும் ஒரு வெட்டைச் சீவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு மேட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். எச்சில் கீழே விழுமுன் உறையும் குளிர். துளையில் இருந்த நீர் மட்டும் உறையவில்லை. ஒருநாள் விரலை வைத்துப் பார்த்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பதினோராம் நாள் விடியும் முன்பே ஸ்கெக்கி கிளம்பி நின்றான்.

"வாங்க அண்ணி. இங்க தனியா இருக்காதீங்க."

உன் அண்ணன் நாள் தவறமாட்டார், வரும்போது வீடு காலியாக இருக்கக் கூடாது என்றேன். அவன் தனியாகப் போனான்.

மேட்டுக்குப் போனேன். துளையில் நீர் இல்லை. குனிந்து பார்த்தேன். அடி தெரியவில்லை. உள்ளேயிருந்து ஈரமண் வாடை வந்தது. அதோடு சீல் எண்ணெய் வாடையும்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன். அவன் கிண்ணத்தில் தயிரும் உலர்ந்த மீனும் எடுத்து வைத்தேன். எப்போதும் போலக் கதவுக்குத் தாழ் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் யோசிக்காமல் செய்தேன். உலகம் முடியப் போகிற நாளில் எனக்குக் கேட்டதெல்லாம் கொட்டகையில் ஆடுகள் அசை போடும் சத்தம்தான். வானம் சாம்பலாகி, மறுபடி கறுக்கத் தொடங்கியது. அவன் வரவில்லை. மூச்சு விட்டேன். நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை.

அப்போது ஆடுகள் ஒரே நேரத்தில் அசை போடுவதை நிறுத்தின.

கதவு தட்டப்பட்டது.

ஒரே ஒரு தட்டு. கதவின் கீழ்ப்பாதியில், என் இடுப்பு உயரத்தில்.

அவன் அவ்வளவு கீழே தட்டமாட்டான். அது யார் என்று எனக்குத் தெரிந்தது. ஆறு வருடம் கேட்ட சத்தம்.

தாழின் மேல் கை வைத்தேன். கதவின் இடுக்கு வழியாக ஈரமண் வாடை வந்தது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

கை அசையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஆடுகள் மறுபடி அசை போடத் தொடங்கின.

மறுநாள் நண்பகலில் ஸ்கெக்கி வந்தான். வானம் திறக்கவில்லை, பாதிரியார் பூசை முடித்துவிட்டு எல்லோரோடும் உட்கார்ந்து கறி தின்றார் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு காலணியைக் கழற்றியபடி கேட்டான்.

"நேத்து நீங்களும் அக்கரைக்கு வந்திருந்தீங்களா அண்ணி? கண்ணுலயே படல."

இல்லை என்றேன்.

"அப்ப யாரு? கோயில் சுவருலேருந்து நம்ம வாசல் வரைக்கும் ஒரே தடம். கனமான ஆள் ஒண்ணு, பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை. அது பின்னாலதான் நான் நடந்து வந்தேன்." காலணியைக் கீழே வைத்தான். "இந்தக் குளிர்ல பிள்ளைக்குச் செருப்புகூடப் போடல."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. மீதியைக் கேட்டேன். தடம் வாசலில் நின்று, அங்கிருந்து மேட்டுக்கு ஏறியது. மேட்டிலிருந்து திரும்பிய தடம் இல்லை.

கதவுக்கு வெளியே ஒரு குச்சி சாய்ந்திருந்தது.

அதில் வெட்டுகள் நிறைய இருந்தன. எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தவை. கடைசி ஒன்று கோணல்.

எரித்துவிடலாம் என்றான் ஸ்கெக்கி. நான் தரவில்லை. வசந்தத்தில் அவன் வேறு பண்ணைக்குப் போய்விட்டான், என்னையும் கூப்பிட்டான். நான் குச்சியைப் படுக்கைக்கு மேலே மாட்டினேன். என் கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்தக் குச்சியை நான் ஒருநாளும் சீவவில்லை.

ஆனாலும் தினமும் காலையில் என் தலைமாட்டில் ஒரு சுருள் மரச்சீவல் கிடக்கும்.

இன்று காலையும் கிடந்தது. குச்சியில் கோணல் வெட்டு மட்டும்தான் மிச்சம்.

அடுப்பை மூட்டிவிட்டேன். மூன்று கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறேன். கதவுத் தாழைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆடுகள் இப்போதுதான் அசை போடுவதை நிறுத்தின.